செயலிகளும் சோதனை விதியும்

கடிதம், கணக்கு, பாடம், பணம் ஆகிய யாவும் இன்று கைப்பேசியினுள் அடங்கிவிட்டன. ஆதலின் அதனுட் புகும் செயலிகள் எத்தன்மையன என ஆராய்தல் கற்றார் கடனாம். அவற்றை வழங்கும் இரு பெருங் கடைகள் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் கூகிள் பிளேயுமாம். அவை விதித்துள்ள விதியொன்றைப் பற்றி எம் கருத்தை ஈண்டு உரைப்போம்.

ஆப்பிளின் 2.5.2 என்னும் விதி, செயலி ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவுற்றிருத்தல் வேண்டுமென்றும், தன் செயற்பாட்டை மாற்றும் நிரலைப் பின்னர்த் தருவித்து இயக்கலாகாதென்றும் கூறுகின்றது. கூகிளும், தன் கடை வழியன்றிப் பிற சர்வர்களிலிருந்து இயங்குநிரலைப் பெறுதலைத் தடுக்கின்றது. இணையப் பக்கங்களில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் போல்வனவற்றிற்கு மட்டும் விலக்களிக்கின்றது.

காரணம் வெளிப்படை. கடையார் சோதிப்பது தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட நிரலையே. சோதனைக்குப் பின் வேறொன்று உட்புகுமாயின் அச்சோதனையாற் பயன் என்னை? கோதுமை வயலில் இரவில் வந்து களை விதைத்தேகிய பகைவனைப் பற்றி நற்செய்தி நூலிற் கற்றுள்ளோம். 2011-ஆம் ஆண்டில் சார்லி மில்லர் என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், பங்கு விலைகளைக் காட்டும் செயலியொன்றை ஆப்பிளின் சோதனையைக் கடந்து கடையில் ஏற்றினார். அது பின்னர்த் தம் சர்வரிலிருந்து புதுநிரல் பெற்று இயங்குதலையும் காட்டினார். விதியை மீறினாரென ஆப்பிள் அவரை ஓராண்டு விலக்கி வைத்தது.

பிழைகளை உடனே திருத்தற்கு இத்தகைய நிரல் வேண்டுமென வாதிப்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. மறுசோதனை முடியுமளவும் பிழையுடைய செயலியே மக்கள் கையில் இருக்கும். ஆயினும் திருத்தம் நுழையும் வழியே தீங்கும் நுழையும். அன்றியும், அவசரத் திருத்தங்களை விரைந்து சோதிக்குமாறு ஆப்பிளிடம் விண்ணப்பித்தற்கும் இடமுண்டு. ஆதலின் விதி வேண்டுவதே என்பது எம் கொள்கை.

எனினும், களையைப் பிடுங்குங்கால் கோதுமையும் உடன் வேரறுதல் கூடுமென அவ்வுவமையின் வீட்டுத்தலைவன் எச்சரித்தான் அன்றோ? 2.5.2 விதியிலேயே மாணவர்க்கென ஒரு விலக்கு உளது. நிரலெழுதக் கற்பிக்கும் செயலிகள், பயன்படுத்துவோர் மூலநிரல் முழுவதையும் கண்டு திருத்துமாறு வைப்பின், ஓர் எல்லைக்குட்பட்டு நிரலைத் தருவித்துக்கொள்ளலாம். இவ்விலக்கையே யாம் பெரிதும் போற்றுகின்றோம். தீமை, நிரல் வெளியிலிருந்து வருதலினும் மறைந்து வருதலிலேயே மிகுதி. ஆதலின், மூலநிரலை முற்றத் திறந்துகாட்டும் பிற செயலிகட்கும் இச்சலுகை படிப்படியாக நீளுதல் வேண்டும். வெளிப்படையை வேண்டும் கடையாரும் தம்மளவில் அதனைக் கைக்கொள்க: செயலியொன்றை மறுப்பின் காரணத்தைத் தெளிவுறக் கூறுக, நல்லெண்ணத்தோடு குறைகாட்டுவோரை ஒறுத்தலைத் தவிர்க.

கணினி பயிலும் நம் கல்லூரித் தோழர் பலர் நாளை செயலிகளை ஆக்குவர். சோதிப்பார் முன் ஒன்றும் அவர் சென்றபின் வேறொன்றும் செய்யாத நிரலை அவர்கள் எழுதுவாராக.