அவசர சிகிச்சை நிபுணருக்கு எத்தனை வருடப் பயிற்சி?

அவசர சிகிச்சை மருத்துவத்தில் நிபுணராக விரும்பும் வைத்தியர் மூன்று வருடம் பயில வேண்டுமா, நான்கு வருடமா என்ற தர்க்கம் அமெரிக்காவில் மிகப் பழையது. அத்துறைக்கான முதலாவது பயிற்சிநெறி 1970 இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று அங்கே பெரும்பாலான நெறிகள் மூன்று வருடத்துக்குரியவை. எல்லாவற்றையும் நான்கு வருடமாக்கும் வரைவொன்றை அங்கீகார சபை 2025 பெப்ரவரியில் வெளியிட்டதும் தர்க்கம் மீண்டும் சூடுபிடித்தது. அனுபவம் கூடும் என்கிறது ஒரு தரப்பு. வைத்தியசாலைகளுக்கு மேலும் ஒரு வருடம் குறைந்த சம்பளத்தில் ஆள் கிடைக்கும், வேறொன்றுமில்லை என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு.

கல்முனையில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அன்று அவசர சிகிச்சை மருத்துவம் என்ற தனித்துறையே இலங்கையில் வேரூன்றியிருக்கவில்லை. பின்னர்தான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அதற்கான எம்.டி. நெறியைத் தொடங்கியது. 2016 இல் இந்திய உதவியுடன் ஆரம்பமான 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. நோயாளி இப்போது வைத்தியசாலை வாசலுக்கு விரைவாக வந்து சேருகிறார். வாசலில் யார் நிற்கிறார் என்பதே விடயம்.

எமது பிரதேசத்தின் அவசரங்கள் எவை? வயலில் கண்ணாடி விரியன் தீண்டியவர், பூச்சிநாசினி அருந்தியவர், பிரதான வீதியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்த இளைஞன். பூச்சிநாசினி குடித்தவருக்கு அற்றோபீன் மருந்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்கி, நெஞ்சில் சளிச்சத்தம் அடங்கும் வரை அருகில் நிற்க வேண்டும். பாம்புக் கடிக்கு இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். அதையும் அதே கையோடு சமாளிக்க வேண்டும். இத்தகைய இரவுகளில் முன்னே நிற்பவர் பெரும்பாலும் உள்ளகப் பயிற்சியை முடித்துச் சில காலமேயான வைத்திய அதிகாரி. 'மட்டக்களப்புக்கு அனுப்புங்கள்' என்று அவர் எழுதினால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், வழி ஏறத்தாழ 40 கிலோமீற்றர்.

பிரித்தானியாவில் இந்நிபுணத்துவத்துக்கு ஆறு வருடம், அவுஸ்திரேலியாவில் ஐந்து, இந்தியாவில் மூன்று. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ நியமனம் பெறும் நிபுணருக்குக் கைகொடுக்க அடுத்த அறையில் மூத்தவர் இருக்கமாட்டார். எனவே, மூன்று வருடம் போதாது என்பதே என் கருத்து. அதேவேளை, வருடங்களைக் கூட்டக் கூட்ட இந்தக் கரைக்கு வந்து சேர்வோர் குறைவார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் 2022 பொருளாதார நெருக்கடியின் பின் திரும்பவில்லை. அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள்.

ஆகவே, மொத்தக் காலத்தைத் தொடவேண்டாம். கொழும்பிலும் கண்டியிலும் கழியும் காலத்தில் ஒரு வருடத்தை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையை மையமாக வைத்து, அதைச் சூழவுள்ள வைத்தியசாலைகளுக்கு மாற்றுங்கள். கற்பிக்க ஆளில்லாத இடத்தில் பயிற்சி எதற்கு என்று ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். போதனாசிரியர்களும் முறைவைத்து வரவேண்டியிருக்கும். அதற்கிடையில், இங்கேயே நிரந்தரமாகக் கடமையாற்றும் வைத்திய அதிகாரிகளுக்கு ஒரு வருட டிப்ளோமா வழங்குவது எல்லாவற்றிலும் விரைவான வழி. அவர்கள் இடமாற்றம் கேட்டு ஓடப்போவதில்லை, ஊர் அவர்களுடையது.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு வைத்தியசாலை எனச் சில நிமிடத் தூரத்தில் இரண்டு இருக்கின்றன. (அதன் அரசியலை வேறொரு நாளில் பார்ப்போம்.) பயிற்சி வைத்தியர்களை இரண்டுக்கும் சுழற்சியில் அனுப்பலாம். வருபவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும். அமைச்சு கட்டித் தரும் என்று காத்திருக்காமல், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் கோவில் பரிபாலன சபைகளும் வர்த்தகர்களும் ஒன்றாக அமர்ந்தால் நாலு அறைகள் எழும்புவதற்கு அதிக காலம் பிடிக்காது.