கைவேலைப் பகுதி: ஒளிவாளின் உட்சட்டம்

1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படத்திற் கதாநாயகன் ஏந்திய ஒளிவாள் எதனால் ஆனது தெரியுமா? அரங்க அலங்காரத்தைக் கவனித்த றோஜர் கிறிஸ்டியன் என்பார், பழைய கிராஃப்ளெக்ஸ் ஒளிப்படக் கருவியின் மின்னொளிக் கைப்பிடியைக் கொண்டே அதனை ஆக்கினார். 3 மின்கலங்களைத் தாங்கிய குழாய் அது. இன்று வீட்டிலே ஒளிவாள் செய்வோரும் உலோகக் குழாயினுள்ளே மின்கலம், ஒலிபெருக்கி, மின்சுற்றுப் பலகை ஆகியவற்றை அமைக்கின்றனர். அவற்றைத் தாங்குவதே உட்சட்டம்.

முப்பரிமாண அச்சுப்பொறியில் ஆக்கிய சட்டத்திற் பிசிறுகள் இருக்கும். அவற்றை அரத்தால் நீக்கி, 120, 240, 400 இலக்க அரத்தாள்களால் முறையே தேய்த்தல் வேண்டும். இஃது அழகுக்காக மட்டுமன்று. கூரிய விளிம்பு கம்பிகளின் உறையைக் கிழிக்குமாயின், அவை உலோகக் குழாயைத் தொட்டுக் குறுஞ்சுற்று நிகழும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமுமே கொண்ட லிதியம் மின்கலம் அவ்வேளை கொதித்துத் தீப்பற்றவும் கூடும்.

வர்ணம் பூசுமுன் சட்டத்தைக் குழாயினுட் செலுத்திப் பாருங்கள். பூச்சுக்கும் தடிப்புண்டு; ஆதலால் இறுக்கமாயின் இன்னுஞ் சிறிது தேயுங்கள். மின்கலம் தொடும் உலோக முனைகளை ஒட்டுநாடாவால் மூடியபின்னரே பூசுங்கள். பித்தளைத் தகடு, நிறப் பளிங்கு என அலங்கரிக்க விரும்புவோர், உலோகத் துண்டுகளைக் கம்பிகளுக்கு அப்பால் வைத்தல் நன்று. மின்கலத்தை இணைக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

வாளை ஏந்தி ஆடப்போகிறவர் உங்கள் தம்பியோ தங்கையோ ஆகலாம். கண்ணுக்குப் புலப்படாத இவ்வேலையைச் செம்மையாகச் செய்வதே அவர் கைக்குக் காவல்.