சூழ்நிலைச் சாட்சியத்தின் பேரில் இளம் வயதினருக்குத் தூக்கு வேண்டாம்: எங்கள் நிலைப்பாடு

திருவனந்தபுரம்

பாறசாலை கஷாயக் கொலை வழக்கில் நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் 2025 ஜனவரி 20 அன்று ஓர் இளம் பெண்ணுக்கு மரண தண்டனை விதித்தது. 2022 அக்டோபரில் குற்றம் நடந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 22. களைக்கொல்லி கலந்த கஷாயத்தைக் குடித்த இளைஞர் 11 நாள் உயிருக்குப் போராடி, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். அவரைப் பெற்றவர்களின் துயரத்தை நாங்கள் மறக்கவில்லை. குற்றம் நிரூபணமானதா என்பதை உயர் நீதிமன்றம் முடிவு செய்யட்டும். நாங்கள் பேசுவது தண்டனையைப் பற்றி மட்டும்: சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் நம்பி நிற்கும் வழக்கில், 25 வயது நிறையாத நிலையில் குற்றம் செய்தவருக்குத் தூக்கு விதிக்கக் கூடாது.

விஷம் வைப்பதை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அதனால் இத்தகைய வழக்குகள் சூழ்நிலைச் சாட்சியத்தில்தான் நிற்கும். அது மட்டமான சாட்சியம் அல்ல. குற்றவாளி என்று தீர்ப்பளிக்க அது போதும். ஆனால் அதைக் கோத்து எடுப்பது மனித அனுமானம். சரத் பிர்திசந்த் சார்தா வழக்கை நினைத்துப் பாருங்கள். புனேயில் மனைவிக்கு சயனைடு கொடுத்தார் என்று விசாரணை நீதிமன்றம் அவருக்குத் தூக்கு விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு இன்றும் எல்லா நீதிமன்றங்களும் எடுத்துக்காட்டும் ஐந்து விதிகள் பிறந்தது அந்தத் தீர்ப்பில்தான். இரண்டு நீதிமன்றங்கள் ஐயமற உண்மை என்று நம்பியதை மூன்றாவது நீதிமன்றம் நம்பவில்லை. இடையில் தூக்கு நிறைவேறியிருந்தால்?

வயதிலும் பிழை நேர்ந்திருக்கிறது. 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவர், சம்பவத்தின்போது 12 வயதுச் சிறுவன் என்று 2023-இல்தான் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதற்குள் அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற பேரறிவாளன் கைதானபோது வயது 19. வெளியே வர ஏறத்தாழ 31 ஆண்டுகள் ஆயின.

18 நிறையாதவருக்கு மரண தண்டனை கிடையாது என்று 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. பிறந்த நாளுக்கு மறுநாள் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமோ 21 நிறையாதவர்களைத் தனியாகவே பார்க்கிறது. 1980-இல் பச்சன் சிங் தீர்ப்பு, இளம் வயதைத் தண்டனையைத் தணிக்கும் காரணமாகக் கணக்கில் எடுக்கச் சொன்னது. திருந்த மாட்டார் என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. நெய்யாற்றின்கரையில் வயதை முன்வைத்துக் கேட்ட சலுகை மறுக்கப்பட்டது. குற்றத் தீர்ப்பு ஜனவரி 17, தண்டனை ஜனவரி 20. ஒருவர் இனித் திருந்த மாட்டார் என்று அறிய மூன்று நாள் போதுமா? சிறை நடத்தை அறிக்கையும் மனநல மதிப்பீடும் பெற வேண்டும் என்று மனோஜ் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். 25, 30 ஆண்டு தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று 2015-இல் ஸ்ரீஹரன் வழக்கில் தீர்ப்பானது. செஷன்ஸ் நீதிபதியின் கையில் இருப்பவை இரண்டே: 14 ஆண்டுக்குப் பின் விடுதலை கோரத்தக்க ஆயுள், அல்லது தூக்கு. ஊரே கொதித்திருக்கும் வழக்கில் முதலாவது போதாது என்று தோன்றினால் அவர் வேறு எங்கே போவார்?

அந்த இடைநிலைத் தண்டனையை விசாரணை நீதிமன்றங்களும் விதிக்க நாடாளுமன்றம் சட்டம் திருத்த வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று கேரள அரசின் கையில் இருக்கிறது: சூழ்நிலைச் சாட்சியம் மட்டுமே உள்ள வழக்குகளில், 25 வயது நிறையாதவருக்கு அரசு வழக்கறிஞர்கள் தூக்கு கேட்கக் கூடாது என்று உள்துறை இப்போதே சுற்றறிக்கை அனுப்பலாம்.