முதுமாணிப் பட்டம் யாருக்காக?

விசேட கல்வியில் முதுமாணிப் பட்டம் பெற விழையும் மாத்தளை மாவட்டத்து ஆசிரியர்களின் ஆர்வத்தை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், எந்தப் பட்டநெறியைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு, எது விரைவில் முடியும், எது பதவி உயர்வு தரும் என்பவை மாத்திரமே விடையாகிவிடலாகாது. அப்படிப்பினால் எந்தப் பிள்ளை பயனடையும் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

சட்டங்களுக்கு இந்நாட்டிற் குறைவில்லை. உடற்குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுத்தலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. 14 வயதுவரை கட்டாயமாயிருந்த கல்வி, 2016இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. ஆனால், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தரத்தை முடித்த பிள்ளை, ஆறாம் தரத்திலும் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாது தடுமாறினால் அதற்குக் கைகொடுப்பவர் யார்? 'மக்கு' என்ற பட்டத்தையன்றோ அப்பிள்ளைக்குச் சூட்டுகின்றோம்!

எனவே, பட்டநெறியைத் தேடுவோர் மூன்றை விசாரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, மொழி. ஆங்கிலப் பிள்ளையின் வாசிப்பிடர் வேறு. தமிழ்ப் பிள்ளையின் இடர் வேறு. 'கொ' என எழுதுங்கால் கொம்பு முன்னே நிற்கும், கால் பின்னே நிற்கும், ஒலியோ ஒன்றே. ல, ள, ழ என்பன செவிக்கு மயக்கந் தருவன. இவற்றை ஆராயாத படிப்பு நம் பிள்ளைக்கு எவ்வளவு உதவும்?

இரண்டாவது, பயிற்சி. 6 முதல் 9 வரையான தரங்களிற் பாடத்துக்கோர் ஆசிரியர் வருவர். அவர்கள் யாவரையும் இணைத்து ஒரு பிள்ளையை முன்னேற்றும் வித்தையை வகுப்பறையிலேதான் கற்கலாம். ஏட்டில் மட்டும் கற்கவியலாது.

மூன்றாவது, வசதி. தொழிலை விடாது கற்க விரும்புவோர், விசேட தேவைக் கல்விக்கெனத் தனித்துறை கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தையும், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தையும் நாடலாம். முன்னதற்குப் பொல்கொல்லையிற் பிராந்திய நிலையமும் உண்டு. தமிழ்மொழி மூலம் கற்கவும் பரீட்சை எழுதவும் இயலுமா என்பதை முன்னதாகவே எழுத்திற் கேட்டுப் பெறுக. இல்லையெனில், வேண்டுமெனக் குரலெழுப்புக!

கல்வி அதிகாரிகளுக்கும் ஒன்று கூறுவோம். பட்டம் பெற்றோரைக் கோப்புகளுக்குக் காவலிருத்தாதீர்கள், வகுப்பறைக்கு அனுப்புங்கள்.

படர மறுக்கும் மிளகுக் கொடியை மாத்தளை விவசாயி பிடுங்கியெறிவதில்லை. தாங்குமரத்தோடு அணைத்துக் கட்டுகின்றான். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவேனும் செய்யலாகாதா?