நான்கு மடங்கு வளர்ச்சிக்குப் பிறகும்

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வளர்ச்சி விகிதம் என்ற பாடம் வந்தாலே சீனாவைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன். 1990 முதல் 2010 வரை அங்கே தனிநபர் உற்பத்தி நான்கு மடங்குக்கும் மேல் பெருகியது. ஆனால், அந்தக் காலத்துக் கருத்தாய்வுகளை பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லினும் சக ஆய்வாளர்களும் 2012இல் சேர்த்துவைத்துப் பார்த்தபோது, வாழ்க்கைத் திருப்தி முதலில் சரிந்து பிறகு மெல்ல ஏறியது தெரிந்தது. 1990இன் அளவைத் தாண்டியதற்குச் சான்று இல்லை. ஏழைகளுக்குத்தான் சரிவு அதிகம்.

இந்தச் சரிவுக்கு ஒரு காரணம் வேலையோடு போன பாதுகாப்பு. சீனாவில் முன்பெல்லாம் அரசு ஆலையில் வேலை என்றால் குடியிருக்க வீடு, வைத்தியத்துக்கு ஆலை மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி, வயதான பின் ஓய்வூதியம். தொண்ணூறுகளில் கோடிக்கணக்கானோரை ஆலைகள் வெளியே அனுப்பியபோது, சம்பளத்தோடு இவையும் போயின. நகரத்து வீடுகளுக்குக் கலர் டிவியும் ஃபிரிட்ஜும் வந்தன. படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்ற பயமும் வந்தது.

வருமானம் வளர்ந்தால் திருப்தியும் வளரும் என்பதில்லை என்கிறார் ஈஸ்டர்லின். பணக்கார நாடுகளில் திருப்தி அதிகம்தானே என்று அவரை மறுப்பவர்கள் உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். நிரந்தர வேலையை ஒழிப்பதைச் சீர்திருத்தம் என்று கொண்டுவரும் எந்த அரசும், அந்த வேலையை இழக்கும் தொழிலாளியின் மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே சட்டத்தில் எழுதியாக வேண்டும்.