டில்லியில் ஒரு விண்கலம், நம் ஊரில் ஒரு மாதிரி

1984 ஏப்ரல் 3-ஆம் தேதி ராகேஷ் சர்மா சோயூஸ் டி-11 கலத்தில் விண்வெளிக்குப் போனதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஏப்ரல் 11-ஆம் தேதி அவர் திரும்பியது வேறு கலத்தில். சல்யூட்-7 நிலையத்தில் ஏற்கெனவே இணைந்திருந்த சோயூஸ் டி-10 கலம் அது. அந்தக் கூண்டு டில்லி நேரு கோளரங்கத்தில் இருக்கிறது.

இப்படித் திரும்பி வரும் கூண்டு வெளியே கருகியிருக்கும். சூளையில் வேலை பார்த்த விருத்தாசலத்துக்காரர்களுக்கு அந்தக் கருகலே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதிக் கதை உள்ளே, ஓட்டும் அறையில் இருக்கிறது. சுமார் 2.2 மீட்டர் குறுக்களவு. அதற்குள் மூன்று பேர் முழங்காலை மடக்கி மல்லாந்து கிடக்க வேண்டும். ஒவ்வொருவர் உடம்புக்கும் அச்சு எடுத்து இருக்கை செய்வார்கள். நடுவில் கமாண்டர். பட்டை போட்டு இறுக்கிவிட்டால் எதிரே உள்ள பொத்தான்கள் கைக்கு எட்டாது. ஒரு குச்சியால்தான் அழுத்த வேண்டும். எந்த ஊருக்கு மேலே பறக்கிறோம் என்று காட்ட, பல்சக்கரத்தில் சுழலும் சின்ன பூமி உருண்டை ஒன்றும் அக்காலத்து சோயூஸ் கலங்களில் உண்டு.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ழூல் வேர்ன் நினைவுக்கு வருகிறார். 1865-இல் அவர் எழுதிய நிலாப் பயணக் கதையிலும் மூன்று பேர்தான். ஆனால் மெத்தை வைத்த சுவரோடு சொகுசான அறை. உண்மையில் கிடைத்தது மடக்கிய காலும் ஒரு குச்சியும்! பிள்ளைகள் பார்க்க வேண்டியது இதைத்தான். ராக்கெட் படத்தைப் பார்த்தால் வியப்பு வரும். ஓட்டும் அறையைப் பார்த்தால், இதில் நாமும் உட்காரலாமே என்று தோன்றும்.

மங்கலம்பேட்டைப் பிள்ளை அதற்காக டில்லிக்கா போக முடியும்? அந்தக் கூண்டை ஊர் ஊராக இழுத்து வரச் சொல்லவில்லை. அதே அளவில் மாதிரி செய்து, பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் எழுதி, மாவட்டத்துக்கு ஒன்று வைக்கலாம். கண்ணாடிக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே உட்கார விட வேண்டும்.

ககன்யான் கூண்டுகளைப் பற்றியும் இப்போதே முடிவு செய்வது நல்லது. அரசுப் பணியில், பழைய பொருள்களைக் கண்டம் செய்து ஏலம் விடும் கோப்புகளை நிறைய எழுதியவன் நான். எடைக்குப் போனது திரும்பி வராது. 2014 டிசம்பரில் சோதனைக்காகப் பறந்த ஆளில்லாக் கூண்டு வங்கக் கடலில் இறங்கி, எண்ணூர் துறைமுகம் வழியாகத்தான் கரைக்கு வந்தது. நம் கரை தொட்டு வருபவற்றில் ஒன்றாவது தமிழ்நாட்டில் நிற்கட்டும்.