கான் வெட்டுக்கு ஆள் எங்கே?

ஒரு மழை பெய்தால் போதும், நமது ஓடைகள் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுகின்றன. ஓடுவது மலையின் மேல்மண். நானுஓயா, தலவாக்கலைப் பக்கத்து நீர் கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியில் சேர்கிறது. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீரில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வயல்கள் விளைகின்றன. நமது மலையில் கரையும் மண் வழியிலுள்ள நீர்த்தேக்கங்களில் படிந்து, தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கான வைத்தியம் நம் தாத்தாமாருக்கே தெரியும். சரிவுக்குக் குறுக்கே கான், கானுக்குள் மண் தங்கக் குழி, தேவையான இடத்தில் கல்லுக்கட்டு. நிரம்பிய கானை வருஷந்தோறும் வாரவேண்டும். கவ்வாத்து வெட்டிய இலையும் சிறு குச்சியும் மலையிலேயே கிடக்கவேண்டும். (மிலாறு விறகுக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். தடித்ததை மட்டும் எடுங்கள்.) பழைய தேயிலையைப் பிடுங்கினால், மறுநடுகைக்கு முன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றவேண்டும்.

ஆனால் பல தோட்டங்களில் கான் வெட்டுக்கு ஆள் போடுவதே நின்றுவிட்டது. கொழுந்தைக் கிலோவில் நிறுக்கலாம், போகாமல் நின்ற மண்ணை எந்தத் தராசில் நிறுப்பது? மருந்தடித்து நிலத்தை மொட்டையாக்குவது நிர்வாகத்துக்கு மலிவு. மண் போனபிறகு, ஓடையோரம் நாலு பாத்தி லீக்ஸ் போட்டவனைக் குற்றஞ்சாட்டுவது அதைவிட மலிவு. ஓடையோரம் கொத்தக்கூடாது என்று நாமும் சொல்கிறோம். அதற்காக முழு மலையின் பாவமும் அந்த நாலு பாத்தியில் ஏறாது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் இருக்கிறது. அது தோட்டக் காணிகளுக்கும் உரியதுதான்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கான் வெட்டியிருந்தால் அது நடந்திராது என்று நாம் சொல்லவரவில்லை. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனங்கள் லயத்தில் இருந்தார்கள்.

ஐப்பசி மழைக்கு முன் கான் வேலை தொடங்கவேண்டும். அதற்கு முழுப்பேர் போடவேண்டும். நமது தோட்டங்களைப் பற்றிய மண்சரிவு அறிக்கைகள் தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்டப்படவேண்டும். ஆபத்தான லயத்தை விட்டு எழும்பச் சொல்பவர்கள் போகுமிடத்தையும் சொல்லவேண்டும். தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் வரும் ஞாயிறே லயத்துக்கு மேலுள்ள மலையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று ஏதும் கண்டால் இடத்தையும் திகதியையும் குறித்து, கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்று நமது காரியாலயத்துக்கு வரட்டும்.